எந்தச் செலவுக்கு ஒன்றரை மடங்கு?

உற்பத்திச் செலவைப் போல ஒன்றரை மடங்கு விலை என்ற வாக்குறுதி தேர்தல்தோறும் வருகிறது. 2018-19 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அதை அறிவித்தும் விட்டது. ஆனாலும் டெல்டா விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை. குழப்பம் 'செலவு' என்ற சொல்லில் இருக்கிறது.

விதை, உரம், மருந்து, ஆள்கூலி, டீசல், கொடுத்த குத்தகை என்று கையை விட்டுப் போவதெல்லாம் 'ஏ2' செலவு. குடும்பத்தார் வயலில் பாடுபட்டதற்கு ஒரு கூலி போட்டுச் சேர்த்தால் 'ஏ2+எஃப்எல்'. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும், போட்ட முதலுக்கு வட்டியையும் கூட்டினால் 'சி2'.

2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஏ2+எஃப்எல் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். இதன் ஒன்றரை மடங்குதான் மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய். சி2 செலவோ 2,090 ரூபாய்; அதன் ஒன்றரை மடங்கு 3,135 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயைச் சேர்த்தாலும் கொள்முதல் நிலையத்தில் கிடைப்பது 2,500 ரூபாய்தான். 40 கிலோ சிப்பத்துக்கு 254 ரூபாய் குறைகிறது. ஏக்கருக்கு 60 சிப்பம் கண்டால் 15,240 ரூபாய்.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், சராசரி உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக விலை வேண்டும் என்று 2006-ல் பரிந்துரைத்தது. அதை அரசு ஏ2+எஃப்எல் என்று கொள்கிறது. விவசாய சங்கங்கள் சி2 என்கின்றன. மேடையில் 'ஒன்றரை மடங்கு' மட்டுமே காதில் விழுகிறது.

இவை நாடு முழுவதற்குமான சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. குத்தகையே கொடுக்காத நில உரிமையாளர்களோடு சேர்த்துச் சராசரி எடுக்கும்போது, நமது குத்தகை விவசாயியின் சுமை கணக்கில் கரைந்துவிடுகிறது.

எனவே விவசாயிகள் சாகுபடிச் செலவை ரொக்கம், குடும்ப உழைப்பு, நிலம்-முதல் என மூன்று பத்தியாக நோட்டில் எழுதி வர வேண்டும். வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் உழவர் கூட்டங்களில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவர் ஒன்றரை மடங்கு என்றால், எந்தச் செலவுக்கு என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.