ராத்திரி கணக்கு முடிக்காத கடை

திருநெல்வேலி டவுனில் ஒழுங்காகத் தொழில் செய்கிற எந்தக் கடைக்காரரும் ராத்திரி கல்லாவை எண்ணாமல் ஷட்டரை இறக்க மாட்டார். பத்து ரூபாய் உதைத்தால் அன்றைக்கே தேடுவார். மார்ச் 31 வரை விட்டால் ஆடிட்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தப் புத்தி சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களில் பலருக்கு ஏன் வருவதில்லை? கேட்டால், "டெஸ்டிங்கா? அது கிளார்க் வேலை" என்று நக்கல் வேறு!

ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். குழுவைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் உறுப்பினர்தான். பல நாட்டு விஞ்ஞானிகள் ஒரே சாஃப்ட்வேரில் கை வைக்கிறார்கள். ஒருவர் திருத்தியது இன்னொருவர் எழுதியதை உடைக்கும், இருவருக்குமே தெரியாது. அதனால் பகல் 11, இரவு 11 என்று நேரம் குறித்து, கம்ப்யூட்டரே மொத்த நிரலையும் சேர்த்துக் கட்டி, சோதனைகளை ஓட்டி, எது உடைந்தது என்று பட்டியல் போட்டுவிடுகிறது. நேற்று தேறியது இன்று தேறவில்லையா? இடையில் நடந்த திருத்தங்களை மட்டும் துழாவினால் போதும். 2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது உலகம் நம்பியது கருவியை மட்டுமல்ல, இந்த நிரலையும்தான்.

மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் என்ஜினைத் தரையிலேயே கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறது. அதை யாரும் கிளார்க் வேலை என்பதில்லை. என்ஜின் சோதனை விஞ்ஞானம், நிரல் சோதனை எடுபிடி வேலையா? என்ன நியாயம் இது?

கல்லூரி புராஜெக்ட்டையே பலர் சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள்தான் முதல்முறையாக முழுசாக ஓட்டுகிறார்கள். தினசரி சோதனைக்கும் மார்க் உண்டு என்று சொல்லிப் பாருங்கள், தானாகத் திருந்துவார்கள்.