நூலகப் படிப்புக்கு மனுப் போடுமுன்...

குற்றாலத்தில் சாரல் விழும் காலம்தான், நம் பக்கத்து வீடுகளில் மேல்படிப்புப் பேச்சு நடக்கும் காலம்.

சுரண்டையில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தாயார் பீடி சுற்றுகிறார். தகப்பனார் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். மகள் பட்டம் பெற்றுவிட்டாள். அந்த வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவள்தான். "அடுத்து என்ன?" என்று கேட்கிறார்கள்.

"நூலகப் படிப்புக்கு மனுப் போடப் போறேன்" என்கிறாள் மகள்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

"ஏட்டி, புஸ்தகத்தை எடுத்துக் குடுக்கதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?"

மாமாவைக் குறை சொல்ல வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பணம் செலவழிக்கப் போகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மனுப் போடுவதுதான் தவறு.

900 பேரில் ஒருவர்

நம் நாட்டில் நூலகக் கலைக்குத் தந்தை என்று போற்றப்படுகிறவர் எஸ்.ஆர். இரங்கநாதன். சீர்காழியில் 1892-ம் ஆண்டு பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகர் பதவி காலியாக இருந்தது. ஏறக்குறைய 900 பேர் மனுப் போட்டார்கள் என்று சொல்வார்கள். நண்பர்கள் தூண்டியதால் இரங்கநாதனும் மனுப் போட்டார். 1924-ம் ஆண்டு ஜனவரியில் அவருக்கே பதவி கிடைத்தது.

கிடைத்ததும் அவர் மகிழ்ந்தாரா? இல்லை! சில நாட்களிலேயே அலுத்துப்போனார். பேசுவதற்கு ஆள் இல்லை. செய்வதற்கு வேலை இல்லை. பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடினார். "என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்.

"முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம்" என்ற கருத்தில் முதல்வர் பதில் சொன்னார்.

இரங்கநாதன் லண்டன் சென்றார். அங்கே நூலகப் பள்ளியில் படித்தார். ஊர் ஊராகப் போய் நூல்நிலையங்களைப் பார்த்தார். தொழிலாளிகள் வந்து படித்தார்கள். பெண்கள் வந்து படித்தார்கள். குழந்தைகளுக்குத் தனி இடம் இருந்தது. அப்போதுதான் அவருக்கு உண்மை விளங்கியது. நூல்நிலையம் என்பது புத்தகத்தைப் பூட்டி வைக்கும் இடம் அல்ல. ஊரைப் படிக்க வைக்கும் இடம் என்று கண்டார். 1925-ம் ஆண்டு நாடு திரும்பினார். பிறகு அவர் வாத்தியார் வேலையைக் கேட்கவே இல்லை!

பதவிக்கு மனுப் போடும்போது அவருக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பார்த்த பிறகே பிடித்தது. நம் பிள்ளைகள் அதை மாற்றிச் செய்ய வேண்டும். முதலில் பார்க்க வேண்டும். பிறகு மனுப் போட வேண்டும்.

சந்தையும் புத்தகமும்

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். இதில் படிக்க என்ன இருக்கிறது?

சுரண்டைச் சந்தைக்கு விடியற்காலையில் மூட்டை மூட்டையாகக் காய்கறி வருகிறது. கத்தரி ஒரு பக்கம், வெண்டை ஒரு பக்கம், மிளகாய் ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். பிரிக்காவிட்டால் வியாபாரம் நடக்குமா?

புத்தகத்தையும் அப்படிப் பிரிக்க வேண்டும். ஆனால் அது அவ்வளவு சுலபம் அல்ல. நம் மாவட்டத்தில் மிளகாய்ச் செடிக்கு வரும் நோயைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கே வைப்பது? விவசாயத்திலா? செடிநூலிலா? மாவட்ட வரலாற்றிலா? தவறான இடத்தில் வைத்துவிட்டால், தேடி வரும் விவசாயிக்கு அந்தப் புத்தகம் இல்லாத புத்தகம்தான்.

இரங்கநாதன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். லண்டனில் ஒரு கடையில், துண்டுகளை மாட்டிப் பல உருவங்கள் செய்யும் விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளால் வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் அப்படித் துண்டுகளாகப் பிரித்தால் என்ன என்று யோசித்தார். எந்தப் பயிர், அதற்கு என்ன நேர்ந்தது, எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனியாகக் குறித்துச் சேர்த்தார். 1933-ம் ஆண்டு அந்த முறையை வெளியிட்டார். உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் அதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதுதான் பாடம். புத்தகத்தை வகைப்படுத்துவது, பட்டியல் போடுவது, கேட்டவருக்குத் தகவல் தேடிக் கொடுப்பது, கம்ப்யூட்டரில் பதிவது, பழைய சுவடியையும் பத்திரிகையையும் படம் எடுத்துக் காப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2017-ம் ஆண்டு தொடங்கிய தமிழ் மின்நூலகத்தில், பழைய புத்தகங்களை வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் படிக்கிறோம். அதற்குப் பின்னால் இருப்பதும் இந்த வேலைதான்.

பெண்ணைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் மெல்வில் டூயி என்பவர் 1887-ம் ஆண்டு கொலம்பியா கல்லூரியில் முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களைச் சேர்ப்பதை நிர்வாகம் விரும்பவில்லை. அவர் கேட்கவில்லை. முதல் வகுப்பில் பெரும்பாலோர் பெண்களே!

யார் சேரலாம்?

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். தமிழ் படித்தவர், கணக்குப் படித்தவர், வணிகவியல் படித்தவர் எல்லோருக்கும் இடம் உண்டு.

வழி இரண்டு. ஒரு வருஷம் பி.லிப். படித்துவிட்டு, மேலும் ஒரு வருஷம் எம்.லிப். படிக்கலாம். அல்லது இரண்டையும் சேர்த்து இரண்டு வருஷப் படிப்பாகவே படிக்கலாம்.

சென்னை, அண்ணாமலை, பாரதிதாசன், அழகப்பா, மதுரை காமராசர், பெரியார் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை உண்டு. எல்லா இடத்திலும் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இராது. ஆகவே முதலில் பக்கத்தில் விசாரியுங்கள். சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரி நூலகரைக் கேளுங்கள். அவர் இந்தப் படிப்பைப் படித்தவர். அவரைவிட நல்ல வழிகாட்டி வேறு யார்? பிறகு நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தபாலில் படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். "வகுப்பும் வேண்டாம், பரீட்சையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படி வாங்கிய காகிதம் வேலைக்கு உதவாது.

சாரலுக்கு முன் சாமர்த்தியம்

நாம் அதிகமாகத் தவறு செய்வது எதில் தெரியுமா? காலத்தில்தான்.

ஆனி, ஆடியில் விசாரிக்கத் தொடங்குகிறோம். அதற்குள் பெரிய கதவுகள் சில மூடிவிடுகின்றன.

டில்லி, காசி போன்ற இடங்களில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர, 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. நூலகவியலுக்கு அதில் தனித் தாள் உண்டு. அதற்கு மனு வாங்குவது வழக்கமாக டிசம்பர், ஜனவரியில்! மார்கழிப் பனியிலேயே அந்தக் கதவு திறந்து, தை முடிவதற்குள் மூடிவிடுகிறது.

பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நூலகவியல் மையம் இருக்கிறது. 1962-ம் ஆண்டு இரங்கநாதனே தொடங்கியது. அங்கே இரண்டு வருஷ மேல்படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு மே மாதத்தில் நடப்பது வழக்கம். படிப்புக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைப்பதில் பெயர் பெற்ற நிறுவனம் அது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இந்த ஆண்டு விதி என்ன என்பதை மட்டும் மனுப் போடும்போது சரிபாருங்கள்.

ஆகவே கடைசி வருஷம் படிக்கும்போதே, மார்கழி மாதத்தில், ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தப் படிப்பு, மனுவுக்குக் கடைசி நாள் எது, தேர்வு எப்போது, கட்டணம் எவ்வளவு என்று நாலு கட்டம் போட்டால் போதும்.

மனுவைக் கம்ப்யூட்டர் மையத்தில் கொடுத்துப் போடச் சொல்கிறோம். தவறு இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரரின் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் போட விடாதீர்கள். தேர்வுச் சீட்டு அவருக்குப் போகும், உங்களுக்கு வராது! பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். என்ன உதவித்தொகை கிடைக்கும் என்று சேரும் இடத்தின் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

"எனக்குப் புத்தகம் பிடிக்கும்!"

சில இடங்களில் நேர்முகம் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில், "ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறாய்?" என்று எழுதிக் கேட்பார்கள்.

"எனக்குப் புத்தகம் பிடிக்கும்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அது போதாது. பலகாரம் பிடிக்கும் என்பதற்காக ஒருவரைச் சமையல் வேலைக்கு வைப்பார்களா? நூலகர் தாம் படிப்பதற்காக அங்கே உட்காரவில்லை. பிறரைப் படிக்க வைக்க உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு ஒரு வழி சொல்கிறோம். மனுப் போடுமுன் ஒரு மாதம் உங்கள் ஊர் நூல்நிலையத்துக்குப் போங்கள். "கூட இருந்து உதவி செய்யட்டுமா?" என்று நூலகரைக் கேளுங்கள். புத்தகம் அடுக்குங்கள். வருகிறவர்களைக் கவனியுங்கள்.

ஒரு பெரியவர் பேப்பர் படிக்க வருவார். கண் சரியாகத் தெரியாது. ஒரு பையன் போலீஸ் தேர்வுக்குப் புத்தகம் கேட்பான். எந்தப் புத்தகம் என்று அவனுக்கே தெரியாது. ஓர் அம்மாள் குழந்தையோடு வாசலில் தயங்கி நிற்பார். இந்த மூவருக்கும் வேண்டியதைத் தேடிக் கொடுத்தபோது உங்கள் மனத்தில் மகிழ்ச்சி பிறந்ததா? பிறந்தால் இது உங்களுக்கு ஏற்ற வேலை. தாராளமாக மனுப் போடுங்கள். அலுப்புத்தான் வந்தது என்றால் இப்போதே விட்டுவிடுங்கள். இரண்டு வருஷமும் பணமும் மிச்சம்!

அந்த ஒரு மாதத்தில் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். நேர்முகத்தில் அதைவிட நல்ல பதில் இல்லை.

உள்ளதைச் சொல்வோம்

வேலை கிடைக்குமா? இதில் மறைத்துப் பேசக் கூடாது.

அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2023-ம் ஆண்டு நூலகப் பணிகளுக்குத் தேர்வு நடத்தியது. இடங்கள் 35 மட்டுமே! இப்படிப்பட்ட தேர்வு ஆண்டுதோறும் வருவதும் இல்லை. கல்லூரி நூலகர் ஆக வேண்டுமானால், எம்.லிப்.பில் 55 சதவீத மார்க்கோடு, 'நெட்' அல்லது 'செட்' தேர்விலும் தேற வேண்டும். கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் நூலகர் பதவி உண்டு. தனியார் கல்லூரிகள், ஆராய்ச்சி நிலையங்கள், மின்நூலகங்கள் ஆகியவற்றிலும் இடம் உண்டு. கம்ப்யூட்டர் வேலையும் நன்றாகத் தெரிந்தவருக்கு வழி அதிகம். பட்டம் வாங்கினால் மறுநாள் உத்தியோகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நமது மாநிலத்தில்தான். ஆண்டு 1948. அந்தச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு. சுரண்டையில் ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். மாநிலத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொது நூல்நிலையங்கள் இருக்கின்றன. சென்னையில் 2010-ம் ஆண்டும், மதுரையில் 2023-ம் ஆண்டும் மாளிகை போன்ற நூலகங்கள் திறந்தார்கள். பாராட்டுகிறோம். ஆனால் சிற்றூர் நூல்நிலையத்துக்கும் படித்த நூலகர் வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கும் நூலகர் வேண்டும். காலியான இடங்களை ஆண்டுதோறும் குறித்த காலத்தில் நிரப்ப வேண்டும். ஆள் இல்லாத நூல்நிலையம், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி!

மாமாவுக்குப் பதில்

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் சிரிக்காதீர்கள். "நூல்நிலையத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்தாயா?" என்று கேளுங்கள். "ஆமாம், பிடித்திருக்கிறது" என்றால் துணை நில்லுங்கள்.

வீட்டு வரி கட்டிய ஒவ்வொருவரும் நூல்நிலையத்துக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறார். மாமாவும் கட்டியிருக்கிறார். அவருடைய மிளகாய்ச் செடி வாடும்போது, அதற்கு உரிய புத்தகத்தை அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்க அங்கே ஓர் ஆள் வேண்டாமா?

அந்த அரை நிமிஷத்துக்குத்தான் இரண்டு வருஷப் படிப்பு!