பந்து எங்கே போயிற்று?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் இரவு. களமருதூரில் நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு திண்ணை. அதில் ஒரு பெரியவரும் நாமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பெரியவர் தபால் இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தவர். சுற்றுப்பட்ட கிராமங்களில் எந்த வீட்டு வாசலில் எந்த மரம் நிற்கிறது என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணில் நீரழுத்தம் ஏற்பட்டு, கவனிக்காமல் விட்டதில், இரண்டு கண்ணும் போய் ஆறு வருஷமாகிறது.

உள்ளே டெலிவிஷனில் சென்னை அணி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. பேரன் பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். வர்ணனை சொல்லுகிறவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் ஒரு சினிமா வசனத்தைச் சொன்னார். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மைதானமே அதிரும்படி ஒரு கூச்சல் எழுந்தது. "வேற லெவல்! வேற லெவல்!" என்று வர்ணனையாளர் வீறிட்டார்.

பெரியவர் தலையைத் திருப்பி, "பந்து எங்கேடா போச்சு?" என்று கேட்டார்.

"சிக்ஸ் தாத்தா!"

"சிக்ஸ் சரி. எந்தப் பக்கம்?"

பேரன் பதில் சொல்லவில்லை. அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. பெரியவர் நம் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, முன்னெல்லாம் ரேடியோவில் கேட்டால் எனக்கு மைதானம் தெரியும். இப்போ சத்தம் மட்டும்தான் தெரியுது" என்றார்.

நேயர்களே! ஆட்ட வர்ணனை செய்பவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், பிடிக்காதவர் யார் என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சங்கீத வித்வான்களைப் பற்றிக்கூட இவ்வளவு சண்டை வராது. நாமும் நமது அபிப்பிராயத்தைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தோம். ஆனால் பெரியவருடைய கேள்வி குறுக்கே வந்து நின்றுகொண்டது. ஆகவே அந்தக் கேள்வியையே தராசாக வைத்துக்கொண்டு நிறுத்துப் பார்க்கிறோம்.

*

இந்த வித்தை பிறந்த கதை ரஸமானது. 1927-ஆம் வருஷம் ஜனவரி மாதம் லண்டன் பி.பி.ஸி. வானொலியார் பந்தாட்டங்களை நேரில் வர்ணிக்க ஏற்பாடு செய்தார்கள். முதலில் ரக்பி, அடுத்த வாரம், ஜனவரி 22-ஆம் தேதி, ஆர்ஸனல் அணிக்கும் ஷெபீல்டு யுனைட்டெட் அணிக்கும் நடந்த கால்பந்தாட்டம். வர்ணித்தவர் வேக்லம் என்பவர். அவருக்கு முன்மாதிரி என்று யாரும் இல்லை. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? ரக்பி ஆட்டத்தன்று நிகழ்ச்சி அமைப்பாளர் ஒரு யுக்தி செய்தார். போரில் கண்ணிழந்தவர்களைப் பராமரிக்கும் விடுதியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து வேக்லமின் எதிரே உட்கார வைத்தார். "இவருக்கு ஆட்டத்தைச் சொல்லுங்கள், போதும்" என்பதுதான் உபதேசம்.

கால்பந்தாட்டத்துக்கு இன்னொரு உபாயமும் செய்தார்கள். மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, அந்தப் படத்தை வானொலிப் பத்திரிகையில் முன்கூட்டியே அச்சிட்டார்கள். வேக்லம் ஆட்டத்தைச் சொல்லும்போது, பக்கத்தில் இன்னொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணை மட்டும் சொல்லி வந்தார். வீட்டில் இருந்தவர்கள் படத்தின்மேல் விரலை வைத்துப் பந்தோடு ஓடினார்கள். பந்து எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தொழிலே பிறந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் தேசத்தில் இந்தத் தொழிலுக்குக் கொடி நாட்டியவர் பம்பாயில் இருந்த தல்யார்கான். ஒரு நாள் ஆட்டம் முழுவதையும், துணைக்கு ஆளில்லாமல், தாமே பேசி முடிப்பார். வானொலியார் வேறு ஆட்களையும் கூடச் சேர்க்க விரும்பியபோது, அது தமக்குச் சரிப்படாது என்று ஒதுங்கிக்கொண்டார். அவ்வளவு ரோஷம்!

அதே நாட்களில் இன்னொரு கோடியில் இருந்தவர் விஜயநகரம் மகாராஜகுமார். 1936-இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணிக்குத் தலைவர், பிற்பாடு வர்ணனையாளர். அவருக்குப் புலி வேட்டையில் பிரியம் அதிகம். வேட்டைப் பெருமைகளை அவர் ஒரு நாள் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கேட்டுக்கொண்டிருந்த மேற்கிந்திய ஆட்டக்காரர் ஒருவர், "துப்பாக்கி எதற்கு? புலியின் பக்கத்தில் ஒரு டிரான்ஸிஸ்டரை வைத்துத் தங்கள் வர்ணனையைக் கேட்கச் செய்திருந்தால் போதுமே!" என்றாராம். கதை மெய்யோ பொய்யோ, ஐம்பது அறுபது வருஷமாக உயிரோடு இருக்கிறது. மைதானத்தை விட்டுவிட்டுத் தம்மையே வர்ணிக்கிறவருக்கு ஜனங்கள் கொடுக்கும் தண்டனை அது.

ஹிந்தி தெரியாத நம் தகப்பனார், ஜஸ்தேவ் சிங்கின் ஹிந்தி வர்ணனையைத் தவற விடமாட்டார். 1975-ஆம் வருஷம் மார்ச் 15-ஆம் தேதி கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை நாம் இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்தோமே, அதைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறார். "பாஷை புரியவில்லை, ஆனால் பந்து நம் கோலுக்குக் கிட்டே வருகிறதா, அவர்கள் கோலுக்குக் கிட்டே போகிறதா என்பது அந்தக் குரலின் வேகத்திலேயே தெரியும்" என்பார்.

*

தமிழில்?

கிரிக்கெட் என்ற ஆட்டத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று படித்தவர்களே உதட்டைப் பிதுக்கிய காலம் ஒன்று இருந்தது. 1980-இல் சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சிப் போட்டி ஒன்றைச் சென்னை வானொலி தமிழில் வர்ணித்தது. அந்த முதல் முயற்சியில் பங்குகொண்ட சாத்தான்குளம் அப்துல் ஜப்பார்தான் நமது பட்டியலில் முதல்வர். 2020-இல் அவர் காலமானார். கம்பீரமான குரல். தமிழ் சுத்தமாயிருக்கும்; அகராதியின் வாசனை அடிக்காது. பந்து வீசுகிறவர் எந்த முனையிலிருந்து ஓடி வருகிறார், பந்து எங்கே குத்தியது, எவ்வளவு எழும்பியது, மட்டையாளர் முன்னே வந்தாரா பின்னே சென்றாரா, பந்து எந்தத் திசையில் ஓடுகிறது, துரத்துகிறவர் யார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பந்து எல்லைக்கோட்டை எட்டும் சமயத்தில் வாக்கியமும் முற்றுப்புள்ளியை எட்டும்! நாம் சிறுவனாக இருந்த காலத்தில் கடலைக் கொல்லையில் வேலை செய்தவர்கள் வரப்பில் டிரான்ஸிஸ்டரை வைத்துக்கொண்டு இந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். சேப்பாக்கத்தை அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் எந்த மூலையில் ஆள் நிற்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது இடத்தை நாம் கொடுப்பது பெயர் சொல்லாத ஒருவருக்கு. பெயர் சொன்னால் அவர் கூச்சப்படுவார். பொங்கலுக்கு நம் வட்டாரத்துக் கிராமங்களில் நடக்கும் கபடிப் பந்தயங்களுக்கு மைக் பிடிப்பவர் அவர். பகலில் கரும்பு வெட்டுகிறவர். களத்தைச் சுற்றி ஜனங்கள் ஐந்து வரிசை நிற்பார்கள். பின்வரிசையில் நிற்கும் கிழவிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதுகுதான் தெரியும். அவர்களுக்காகவே அவர் பேசுகிறார். பாடி வருகிற பையன் இடது மூலைக்குப் போகிறான், அங்கே மூன்று பேர் சங்கிலி கோத்து நிற்கிறார்கள், ஒருவன் கணுக்காலுக்குக் குனிகிறான் என்று முப்பது விநாடிக்குள் முழு யுத்தத்தையும் சொல்லி முடித்துவிடுவார். 2014-இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டியும், 2017-இல் அதில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் அணியும் இந்த ஆட்டத்தை டெலிவிஷனுக்குக் கொண்டு வந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் அங்கே பேசுகிறவர்களில் சிலர் பொங்கலுக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து போனால் தேவலை.

*

இனி, பிடிக்காதவர்கள். இருப்பவர்களின் பெயரைச் சொல்லி மனத்தைப் புண்படுத்துவானேன்? ஜாதிகளாகப் பிரித்துச் சொல்லுகிறோம்.

முதல் ஜாதி, புள்ளிவிவரக்காரர். பந்து ஆகாயத்தில் இருக்கும்போது, இதே மைதானத்தில் இதே பந்து வீச்சாளர் மூன்று வருஷத்துக்கு முன் எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்று கணக்குச் சொல்வார். இரண்டாவது, 'நான் ஆடின காலத்தில்' என்று ஆரம்பிப்பவர். மூன்றாவது, தொண்டைக்காரர். ஒரு ஓட்டத்துக்கும் ஆறு ஓட்டத்துக்கும் ஒரே கூச்சல்! நான்காவது, சினிமாக்காரர். அவரை முழுவதும் தள்ளிவிட நமக்கு மனம் இல்லை. அவருடைய வேடிக்கைப் பேச்சினால்தான் நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இந்த ஆட்டத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் பேசும் தமிழிலேயே கிரிக்கெட் பேசலாம் என்று காட்டியதும் அவர்தான். ஆனால் பந்து வீசும் நேரத்திலாவது வசனத்தை நிறுத்தக் கூடாதா?

"டெலிவிஷனில் படம் தெரிகிறதே, எதற்காக வர்ணிக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயம். ஆஸ்திரேலியாவின் ரிச்சி பெனோ இதைத்தான் கொள்கையாக வைத்திருந்தார்: படத்துக்கு மேலே சொல்ல ஏதாவது இருந்தால் பேசு, இல்லாவிட்டால் சும்மா இரு. அவர் சும்மா இருந்த நேரத்தில் மைதானத்துச் சப்தமாவது நம் காதில் விழும். நம்முடைய பெட்டியிலோ வர்ணனையும் இல்லை, மௌனமும் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ் முதலிய பாஷைகளில் பேசுகிறவர்கள் பல ஆட்டங்களுக்கு மைதானத்துக்கே போவதில்லை. மும்பையில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, நாம் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். காமிராவுக்கு வெளியே நிற்கும் ஆட்டக்காரர் அவர்களுக்கும் தெரியமாட்டார். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பரிகாரம் இல்லாமல் இல்லை. 2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தில், கண் தெரியாதவர்களுக்கென்று தனி வர்ணனையை அரபியிலும் ஆங்கிலத்திலும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரே ஆட்டத்தை ஏழெட்டுப் பாஷைகளில் அனுப்பத் தெரிந்த நம் டெலிவிஷன் கம்பெனிகளுக்கு, தமிழில் இன்னும் ஒரே ஒரு குரலைச் சேர்த்து அனுப்புவது மலையைப் புரட்டும் காரியமல்ல.

அதுவரையில் நம்மால் ஆனதைச் செய்வோம் என்று, பள்ளிக்கூடம் திறந்தபின் நடந்த கபடிப் பந்தயத்துக்கு அந்தப் பெரியவரை அழைத்து வந்து மைக்குக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் மைக்கைக் கொடுத்து, "கூட்டத்துக்குப் பேசாதே, அம்மா. இந்தத் தாத்தாவுக்குச் சொல்லு" என்றோம். முதல் ஐந்து நிமிஷம் திணறினாள். பிறகு, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே, எதைச் சொன்னால் புருவம் விரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும், "எப்படி இருந்தது, ஐயா?" என்று கேட்டோம்.

பெரியவருக்கு நல்ல கோபம். "என்ன எப்படி? இரண்டாம் பாதியில் பாடிப்போன பையனை நாலு பேர் அமுக்கினப்போ, அவன் விரல் நடுக்கோட்டைத் தொட்டுச்சுன்னு அந்தப் பொண்ணு தெளிவாச் சொல்லிச்சே! அப்புறம் எப்படி அவனுக்கு அவுட் கொடுத்தீங்க? யாரு வாத்தியாரே அந்த நடுவர்?"

நடுவர் நாம்தான்.