நகையும் படைத்தலைவரும்

2017-இல் வெளிவந்த 'வார் மெஷின்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை யாம் கண்ணுற்றோம். ஆப்கானிஸ்தானத்தில் நேசப் படைகட்குத் தலைமை தாங்கி, தாமும் தம் பரிவாரத்தாரும் அரசினரை இகழ்ந்துரைத்தமை இதழொன்றில் வெளியானமையால் 2010-இல் பதவியிழந்த மெக்கிறிஸ்டலின் வரலாற்றைத் தழுவியது அது.

நகைக்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன் நான்கனுள் மடன் ஒன்று. பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு விடாமையே மடன் என்பர் உரைகாரர். வெல்லவியலாப் போரை வென்றே தீருவேமெனும் அத்தலைவரிடத்து உள்ளதும் அதுவே. பிராட் பிட்டோ அதனை நடித்தாரல்லர். கண்ணை இடுக்கி, குரலைக் கரகரப்பாக்கி, உடலை விறைத்து ஓடுகின்றார். யாம் வேடத்தை எள்ளுகின்றோமேயன்றி அறியாமையைக் காண்கின்றிலேம். 2006-இல் வடிவேலு இருபத்துமூன்றாம் புலிகேசியாகத் தோன்றியபோது உருவமும் பேதைமையும் ஒன்றாய் நின்றன. ஈண்டு வேடம் வேறு, ஆள் வேறு.

நகைச்சுவையும் சீராக ஓடவில்லை. கர்சாயியாக வரும் பென் கிங்ஸ்லியைக் கண்டு வாய்விட்டு நகைத்தோம். சற்றைக்கெல்லாம் ஏதுமறியாக் குடிகள் மடிகின்றனர். நகைப்பதா, நடுங்குவதா? எம் சிவகாசிப் பக்கத்தில் நமுத்த சரத்தைக் கொளுத்தினால் ஓரிடத்து வெடிக்கும், மூன்றிடத்துப் புகையும், இப்படமும் அத்தகையதே.

எனினும், ஜெர்மானியப் பெண் பிரதிநிதியாக வரும் தில்டா சுவிண்டன் படைத்தலைவரை அமைதியாக வினவும் காட்சியில் வேடிக்கை ஏதுமில்லை. அஃதொன்றனுக்காகவே நண்பர்கள் இப்படத்தைக் காணலாம்.