காட்டுவது குற்றமாகாது

வழிதவறிய இளைஞர்களைத் திரையில் காட்டும் சுயேச்சைப் படங்கள் அவர்களுடைய துர்நடத்தைக்கே தூபம் போடுகின்றன என்று வாதிப்போர், அப்படங்களில் ஒன்றையேனும் முடிவுவரை பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் எழுகிறது.

ஷேன் மெடோஸ் இயக்கி 2006இல் வெளிவந்த 'திஸ் இஸ் இங்கிலாந்து' படத்தையே எடுத்துக்கொள்வோம். பாக்லாந்து யுத்தத்தில் தகப்பனைப் பறிகொடுத்த 12 வயதுச் சிறுவன் ஷான், பள்ளியில் பரிகாசத்துக்கு ஆளாகி, 1983ஆம் ஆண்டின் கோடையில் தலை மழித்த 'ஸ்கின்ஹெட்' கூட்டத்தாரிடம் அன்பைக் கண்டு, பின்னர் சிறையிலிருந்து மீண்ட கோம்போ என்பவனுடைய இனத்துவேஷத்தால் ஆட்கொள்ளப்படுவதை அது சித்திரிக்கிறது. ஜமேக்க இசையை நேசித்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடையே 1960களின் இறுதியில் தழைத்த இந்த 'ஸ்கின்ஹெட்' பாணி, பிற்காலத்தில் இனத்துவேஷம் பேசிய நேஷனல் பிரண்ட் கட்சியின் வலையில் சிக்கிய விபரீதத்தை எந்த நீதிபோதனை இவ்வளவு தெளிவாக உணர்த்தும்? ஜமேக்க வம்சத்தவனான மில்கியைக் கோம்போ குரூரமாகத் தாக்கும் கட்டத்தைக் கண்ட சிறுவன் துவேஷத்தின் மீது மோகம் கொள்வான் என்பதை நான் ஒருபோதும் ஒப்பேன்.

பிரிட்டிஷ் தணிக்கையாளர் இப்படத்தை 18 வயது நிரம்பாதவர் பார்க்கலாகாது என விதித்தனர். பிரிஸ்டல் நகர நிர்வாகமோ தன் அதிகாரத்தால் அவ்வரம்பை 15 ஆகக் குறைத்தது. அந்த விவேகமே என் கட்சி. எவருக்கு ஆபத்து நேருமோ அவரிடமிருந்தே எச்சரிக்கையை மறைப்பது ஒழுக்கத்தைக் காப்பதாகாது; அது பெரியோர் தம் கடமையினின்றும் வழுவுவதேயாகும்.