கேரியர் போர்டுன்னா அவ்வளவு இளப்பமா?

போன ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஊரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். சூரியநெல்லிப் பக்கத்துப் பையன். பாலக்காட்டில் ஒரு காலேஜில் கடைசி வருஷம்.

"அண்ணே, கேரியர் போர்டு பண்றேன்னு சொன்னேன், சார் சிரிச்சுட்டார். ரெடிமேட் மாடியூலை வாங்கி அடியில ஒரு பலகை வெக்கிறதெல்லாம் ப்ராஜெக்ட்டா? சிப் டிசைன் பண்ணு, இல்லேன்னா ஏஐ பண்ணுங்கிறார்."

பன்னிரண்டு வருஷமாக ஜெர்மனியில் எனக்குச் சோறு போடுவது அந்தப் பலகைதான். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஹார்டுவேர் பக்கம் வராதவர்களுக்காக: ப்ராசஸர், ராம், ஃப்ளாஷ் மெமரி எல்லாம் ஒரு சின்ன அட்டையில் வருவதுதான் மாடியூல். ராமுக்குப் போகிற கம்பிகளின் நீளத்தை நூல் பிடித்தாற்போல் அளந்து போடுகிற கஷ்டத்தை அவன் பட்டுவிட்டான். ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கரண்ட், கனெக்டர், சென்சார், ஆன்டெனா எல்லாம் கேரியர் போர்டில்தான். இஞ்சினை வாங்கலாம் சார், கொழுக்குமலை ஏறுகிற ஜீப்பை யார் கட்டுவது?

மூணாறு அந்தோணியார் காலனியில் 2005 ஜூலையில் மண் சரிந்தது. பிறகு அமிர்தா பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்கே நிலச்சரிவை முன்கூட்டிச் சொல்ல ஒயர்லெஸ் சென்சார் வலை போட்டார்கள். அதில் மூளையாக இருந்தது மைக்காஸெட், அமெரிக்காவின் க்ராஸ்போ கம்பெனி விற்ற ரெடிமேட் அட்டை. மண்ணுக்குள் நீரழுத்தம் பார்க்கிற சென்சாரை அதில் நேரே செருக முடியாது. நடுவில் இன்னொரு போர்டு வேண்டியிருந்தது. 2010ல் க்ராஸ்போ அந்த வியாபாரத்தையே மெம்சிக்குக்கு விற்றுவிட்டது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, மூளைதான் கை மாறிப் போகிறது. மூளைக்கும் மலைக்கும் நடுவில் இருப்பதையாவது நாம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

"மாடியூலே வெளிநாட்டுச் சரக்குதானே" என்பீர்கள். ஆமாம். அதனால்தான் சொல்கிறேன். ஸ்மார்க் மாதிரி பொதுத் தரத்தில் கேரியரை வரைந்தால் ஒரு கம்பெனி கைவிட்டாலும் இன்னொருவனிடம் வாங்கிச் செருகலாம். ராஸ்பெர்ரி பை கூட 2024ல் சிஎம்5ஐ ஏறக்குறைய சிஎம்4 உட்காருகிற அதே இடத்தில் உட்காருகிற மாதிரிதான் விட்டது.

சரி, பலகையில் அப்படி என்ன இருக்கிறது? நம் மலையே அதில்தான் இருக்கிறது. துலாவர்ஷத்தில் சாயங்காலமானால் இடி. கரண்ட் வருகிற வாயில் டிவிஎஸ் டயோடு இல்லையென்றால் மாடியூல் அன்றைக்கே காலி. சிஎம்4ல் கடிகாரம் கிடையாது. நெட்வொர்க் இல்லாத இடத்தில் கரண்ட் போய் வந்தால் மணி என்னவென்றே அதற்குத் தெரியாது. மழை எத்தனை மணிக்குக் கொட்டியது என்று தெரியாத மழைமானியால் யாருக்கு என்ன பிரயோஜனம்? கேரியரில் ஒரு ஆர்டிசியும் காசு பேட்டரியும் வைத்தால் தீர்ந்தது. சோலார் பேட்டரியின் 12 வோல்ட்டை ஒழுங்காக 5 ஆக்க வேண்டும். தொங்கிப் போனால் தட்டி எழுப்ப வாட்ச்டாக் வேண்டும். மேலே ஈரம் ஏறாமல் பூச்சு. அம்பத்தூரில் ஏசி ரூமில் ஓடுகிற போர்டு இங்கே ஒரு இடவப்பாதி தாங்காது.

போன லீவில் ஊருக்குப் போனபோது ஒரு எஸ்டேட்டில் "ஸ்மார்ட்" மழைமானி என்று காட்டினார்கள். பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் டெவலப்மென்ட் போர்டு, ஜம்பர் ஒயர், பவர் பேங்க், ஒரு பல்லி :-) எஸ்டி கார்டு எப்போதோ செத்திருந்தது. அமைத்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். யார் என்று சொல்லப் போவதில்லை. இந்த வேலையை "வெறும் பலகை" என்று நினைத்தால் இதுதான் நடக்கும்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை விழுந்தது. 70 பேர். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை. செய்தி வெளியே வரப் பொழுது விடிந்துவிட்டது. ஒரு போர்டு அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் கரண்ட் போன பிறகும் வேலை செய்கிற பெட்டியை வடிவமைப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

சிப் செய்பவர்கள் செய்யட்டும். சென்னை ஐஐடியின் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா, இரண்டும் பெருமைதான். நாளைக்கு அந்தச் சிப்பும் ஏதாவது ஒரு பலகையில்தானே உட்கார வேண்டும்? கஞ்சிக்கோட்டில் ஐடிஐ ஆலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு செய்த ஊர் சார் இது. பலகை வரைய கீகேட் இலவசம், செர்ன் ஆட்கள் கை கொடுத்து வளர்த்த சாஃப்ட்வேர். சிஎம்4 ஐஓ போர்டின் ஃபைல்களை ராஸ்பெர்ரி பையே சும்மா தருகிறது. பையனுக்கு வேண்டியது சிரிக்காத ஒரு வாத்தியார்.

தம்பி நேற்று ஸ்கீமேட்டிக் அனுப்பியிருக்கிறான். ஆர்டிசி வைத்திருக்கிறான், பரவாயில்லை. கரண்ட் வருகிற பக்கம் டிவிஎஸ் இல்லை. இன்று ராத்திரி கூப்பிட்டுத் திட்ட வேண்டும்.