கடன் மாதத்துத் தளிர்

சீனப் புத்தாண்டு விடுமுறையில் அப்பாவைப் பார்க்கச் சுங்கை பட்டாணிக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை கோல கெட்டில் பக்கம் ஒரு வேலை. போகும் வழியில், சாலையோரமாக யாரோ ஒரு சிறுதோட்டக்காரரின் ரப்பர் மரங்கள். தரை முழுக்கச் சருகு. அண்ணாந்து பார்த்தால், மொட்டைக் கிளைகளின் நுனியில் செம்பு நிறத்தில் புதுத் தளிர்கள். மூன்று மூன்று இலைகளாக, ஈரத் துணியைக் காயப்போட்டது போலத் தொங்கிக்கொண்டிருந்தன. காரை ஓரங்கட்டிவிட்டு அரை மணி நேரம் படம் எடுத்தேன்.

தளிரைப் படம் எடுக்கும் இந்தப் பழக்கம் எனக்குக் கெப்போங்கில் தொற்றிக்கொண்டது. வனஆய்வுக் கழகத்தின் காட்டுக்கு ஞாயிறுதோறும் நடக்கப் போவேன். 1920களில் அது கைவிடப்பட்ட ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்த நிலம். மனிதர்கள் கன்று நட்டு உருவாக்கிய காடு அது. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. அங்குள்ள கப்பூர் மரங்களுக்குக் கீழே நின்று மேலே பார்த்தால், ஒரு மரத்தின் இலை அடுத்த மரத்தின் இலையைத் தொடாது. நடுவில் ஓடை போல வானம் தெரியும். வளரும் நுனிகள் பக்கத்து மரத்தின் நிழலை உணர்ந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன என்பது, அந்த மரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் இங் என்ற நம் நாட்டு அறிஞர் 1977இல் சொன்ன விளக்கம். அதைப் படித்த பிறகு மரத்தின் நுனியைப் பார்க்காமல் என்னால் நடக்க முடியவில்லை.

நம் ஊரில் வசந்தம் கிடையாது, அதனால் துளிர்விடும் காலமும் கிடையாது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இங்கே ஏதாவது ஒரு மரம் எப்போதும் துளிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டு முன்னால் நிற்கும் மாமரத்தையே பாருங்கள். திடீரென ஒரு கிளை மட்டும் செந்நிறமாகத் தளிர்விடும். அந்த நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. பச்சையம் சேராத பிஞ்சு இலையை அது கடும் வெயிலிலிருந்து காக்கிறது என்கிறார்கள். இலை தொங்குவதும் வெயிலிலிருந்து தப்பத்தான். பூச்சிகள் அதிகம் கடிப்பது இளம் இலையைத்தான். அதனால் இலை கெட்டியாகும்வரை மரம் பச்சையத்தைச் சேர்க்காமல் தள்ளிப்போடுகிறது, கடிபட்டாலும் நட்டம் குறைவு என்று இன்னொரு விளக்கமும் உண்டு. வேம்புக்குக் கொழுந்து, தென்னைக்குக் குருத்து, மாவுக்குத் தளிர் என்று நம் மொழி தனித்தனியே பெயர் வைத்திருப்பதும் யாரோ நின்று பார்த்ததால்தானே?

படம் எடுக்க விலை உயர்ந்த கேமரா வேண்டாம். கைப்பேசி போதும். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எடுங்கள். உச்சி வெயிலில் எல்லாம் வெளுத்துப்போகும். வெளிச்சம் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் நரம்புகூடத் தெளிவாக விழும். திரையில் தளிரைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். காற்று அடித்தால் காத்திருங்கள். முக்கியமாக, ஒரே கிளையைத் தினமும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். பத்து நாள் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால்தான் செம்பு பச்சையாகும் கதை புரியும்.

சரி, அப்பாவிடம் வருகிறேன்.

அன்று வீடு திரும்பியதும் படங்களை அவரிடம் காட்டினேன். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இத போயி எதுக்குப்பா படம் புடிக்கிற? இது கடன் மாசம்டா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும். மூன்று பிள்ளைகளுக்குச் சட்டை, சப்பாத்து, புத்தகம் வாங்கியதில் கையிருப்பு தீர்ந்துவிடும். பின்னாடியே இலை உதிரும். மரம் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் புது இலைக்குக் கொடுக்கும். மங்கில் பால் பாதிகூட இறங்காது. பாலை நிறுத்துத்தான் கூலி. தவுக்கே கடைப் புத்தகத்தில் எங்கள் பக்கம் நீண்டுகொண்டே போகும்.

"மரம் தனக்குச் சாப்பிடுற மாசம். நமக்கு ஊத்தாது. அத குத்தஞ் சொல்ல முடியுமா?"

1877இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து, அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்ட கதையைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். அமேசான் காட்டிலிருந்து வந்த அந்த மரம், இலை உதிர்க்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. அந்தப் பழக்கம் எங்கள் வீட்டு அரிசிப்பானைவரை வந்தது என்பது எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிகிறது. அந்த மாதங்களில் அம்மா ஏன் மரவள்ளிக்கிழங்கையே அவித்துப் போட்டார் என்று நான் கேட்டதே இல்லை.

அப்பா கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இத பெருசாக்க முடியுமா?" என்றார். விரலால் விரித்துக் காட்டினேன். ஒவ்வொரு படமாகத் தள்ளச் சொன்னார். எதையோ தேடினார்.

"அடிப்பக்கம் எடுக்கலையா?"

"எதுக்குப்பா?"

"வெள்ளப் பூசணம் வந்திருக்கான்னு பாக்கத்தான்."

தளிர் இளசாக இருக்கும்போது மழையும் பனியுமாகக் காலைகள் ஈரமாக இருந்தால், இலையில் மாவு தூவியது போலப் பூஞ்சை பிடிக்கும். புதுத் தளிரும் கொட்டிவிடும். மரம் மறுபடி துளிர்க்க வேண்டும். கடன் மாதம் இன்னும் ஒரு மாதம் நீளும். பெரிய தோட்டங்களில் கந்தகத் தூள் அடிப்பார்கள். அடித்தாலும், அப்பா விடிகாலையில் தன் நிரையில் நடக்கும்போது எட்டிய தளிரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். இலை கெட்டியாக ஏறத்தாழ ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் தினமும் பார்ப்பாராம்.

ஒரே கிளையைத் தினமும் பாருங்கள் என்று உங்களுக்குப் பாடம் நடத்திய நான், அதைக் கேட்டு வாயடைத்துப்போனேன்.

மறுநாள் காலை இருவரும் அதே இடத்துக்குப் போனோம். அப்பா தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து வளைத்தார். இலையின் அடிப்பக்கம் வெயிலில் பளபளத்தது. நான் எடுத்தேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இது தப்பிச்சிக்கும்" என்றார். யாருடைய மரமோ, யாருடைய கடனோ. ஆனாலும் அவர் முகம் தெளிந்தது.

இப்போது என் படங்களில் பாதி இலையின் அடிப்பக்கம்தான். அழகாக இருப்பதில்லை. எறும்பு, முட்டை, பொத்தல், புள்ளி எல்லாம் தெரியும். ஆனால் தளிர் பிழைக்குமா என்பது அங்கேதான் தெரிகிறது.

உங்கள் வீட்டில் தோட்டத்தில் உழைத்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரம் ஒரு தளிரைப் படம் எடுத்து அவர்களிடம் காட்டுங்கள். என்ன தெரிகிறது என்று கேளுங்கள். நாம் கேட்காததால் சொல்லாமல் இருப்பது நிறைய.

போன வாரம் அப்பாவிடமிருந்து புலனத்தில் ஒரு படம் வந்தது. அவர் அனுப்பிய முதல் படம். பாதி அவர் கட்டை விரல். மீதி, வீட்டு மாமரத்தின் தளிர் ஒன்று, தலைகீழாகத் திருப்பிப் பிடித்தபடி. கூடவே மூன்று வினாடிக் குரல் பதிவு.

"சுத்தமா இருக்கு."